ஒற்றை ஆள் தூக்கும் பெட்டி

1957ஆம் வருஷம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு மறுநாள் வியாழக்கிழமை காலையில் என் அத்தை அந்தோணிமேரி மேட்டூருக்கு மீன் பிடிக்கக் கிளம்பினாள். அதில் புதுமை ஒன்றுமில்லை. பல வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தவள்தான். அன்று முதல் தடவையாக அவளோடு இன்னொரு ஆளும் போனார். அவர் போகவேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு ஐஸ் பெட்டி.

சேலத்தில் எங்கள் அரிசிப்பாளையத்து வீட்டு வாசலில் அந்தப் பெட்டி கிடந்தது. கனமான பலகை, உள்ளே தகடு, பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் இறுக்கி அடைத்த உமி. இரண்டு முனையிலும் இரும்பு வளையம். என் அப்பா தோமினிக் ஒரு முனையையும், அவரோடு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த சவரிராயன் மறுமுனையையும் பிடித்துக் குதிரை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி பின்பக்கம் சாய்ந்தது.

வாசலில் நின்ற என் அம்மா ரோசி, “பிரேதம் வைக்கிற பெட்டியாட்டம் இருக்குது” என்றாள்.

“போற நேரத்துல என்ன பேச்சு இது?” என்றார் அப்பா.

“நேத்துத்தான சாமியார் மண்ணாப் போவேன்னு சொல்லி நெத்தியில சாம்பல் பூசினாரு. அவர் சொன்னா பூசை, நான் சொன்னா அபசகுனமா?”

அத்தை சிரிக்கவில்லை. தூண்டில் கழியைக் கையில் பிடித்தபடி வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஏறுவதா, நடப்பதா என்று முடிவு செய்யாதவள் மாதிரி இருந்தது. சவரிராயன் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்.

அத்தைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாரோ இருவர் பேசிக்கொள்வதற்கு வழி ஏற்படுத்திக் கொடுப்பதுதான் வேலை. “நம்பர் ப்ளீஸ்” என்று அவள் சொல்லும் குரலை ஊரில் கடைக்காரர்களுக்கெல்லாம் தெரியும், முகம் தெரியாது. உடன் வேலை பார்த்த ஜானகியம்மாளுக்கு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும், அத்தைக்கு வியாழன் வேண்டும். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு விடுமுறையை அப்படியே வருஷக்கணக்கில் ஓட்டினார்கள்.

மீன் பிடிப்பது அவளுக்குப் புதிதாக வந்த ஆசையில்லை. தாத்தா மேட்டூர் அணை கட்டியபோது அங்கே கொத்து வேலை பார்த்தவர். அத்தை சின்ன வயசு முழுவதும் வேலைக்காரர் குடிசைகளில் வளர்ந்தாள். அணை வேலை முடிந்து குடும்பம் சேலத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் மேட்டூரை மறந்தார்கள். சம்பாதிக்க ஆரம்பித்ததும் அவள் மட்டும் திரும்பிப் போனாள்.

பகல் வெயிலில் பிடித்த மீன் சாயங்கால பஸ்ஸில் சேலம் வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும். அதற்காகத்தான் பெட்டி. பெரியதற்கு முன்பு சின்னதாக ஒன்று வைத்திருந்தாள். அதை எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்பதுதான் எனக்கு இன்றும் பிடித்த விஷயம். எவ்வளவு மீன் கிடைக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. ஒரு வாளியில் தண்ணீரை ஊற்றித் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து மாதா கோயில் வரைக்கும் நடந்தாள். பாதியில் கீழே வைக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் நடந்தாள். நடுவில் எங்கேயும் இறக்கி வைக்காமல் போய்ச் சேர முடிந்தபோது, வாளியோடு தகர வேலை செய்யும் கந்தப்பன் கடைக்குப் போய், “பெட்டி, ஐஸ், மீன் எல்லாம் சேர்த்து இந்தக் கனத்துக்குள்ள இருக்கணும்” என்று சொல்லியிருக்கிறாள்.

கந்தப்பன் தேயிலை வந்த பலகைப் பெட்டி ஒன்றை அறுத்து, உள்ளே தகடு அடித்து, அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டு, அதற்கு ஒரு தக்கையும் கொடுத்தார். காலையில் ஐஸ் பேக்டரியில் கட்டி ஐஸை வாங்கி உடைத்து நிறைத்துக்கொள்வாள். மீன் ஒரு பங்கு என்றால் ஐஸ் இரண்டு பங்கு. மீன் கிடைக்காத நாளில் காலி இடத்தில் சாக்கைத் திணித்துவிடுவாள். காலி இடம் இருந்தால் ஐஸ் நிற்காது. இரண்டு நல்ல கெண்டை, நாலைந்து ஜிலேபி மீன் கொள்ளும். அதற்கு மேல் மாட்டினால் கரையில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவாள், இல்லாவிட்டால் தண்ணீரிலேயே விட்டுவிடுவாள். பெட்டி ஒரு இடுப்பில், கழி மறு கையில். யாரையும் ஒரு கை கொடுங்கள் என்று கேட்டதில்லை.

சிக்கல் தெருவிலிருந்து வந்தது. எங்கள் தெருவில் பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். கறி சாப்பிடக்கூடாது, மீன் சாப்பிடலாம். ரயிலில் வரும் கடல் மீன் சேலத்தைப் பார்க்கும்போது அதன் கண் செத்திருக்கும். வியாழன் சாயங்காலம் அத்தையின் பெட்டியில் வரும் மீனுக்கு அதனால் மதிப்பு அதிகம். முதலில் பக்கத்து வீடு கேட்டது. பிறகு எதிர் வீடு. பிறகு சாமியார் பங்களாவின் சமையல்காரர். தவக்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

“மேரி, உன் பெட்டி என்ன நகைப் பெட்டியா? கொஞ்சம் பெருசாத்தான் கொண்டு போயேன்” என்று தெருவில் நிறுத்திக் கேட்டார்கள்.

அப்பாவுக்கு வேறொரு கவலை இருந்தது. தங்கை தனியாக ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. சவரிராயனுக்கு மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். குடிப் பழக்கம் இல்லை. கோயிலில் பாட்டுக் கூட்டத்தில் நிற்பார். அவரைப் பற்றி அப்பா வீட்டில் அடிக்கடி பேச ஆரம்பித்தார். அத்தை அந்த நேரம் பார்த்துத் தூண்டில் கயிற்றில் சிக்கு எடுப்பாள்.

அப்போதுதான் பட்டறைக்கு அந்தப் பெட்டி வந்தது. சரியாகச் சொன்னால் பட்டறையிலேயே தங்கிவிட்டது. மோகனூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் சென்னிமலைக் கவுண்டர், கொல்லிமலை அடிவாரத்தில் வேட்டைக்குப் போகும்போது ஜீப்பில் வைத்துக்கொள்ள ஒரு ஐஸ் பெட்டி கேட்டிருந்தார். ஒரு முழுக் காட்டுப் பன்றி கொள்ள வேண்டும் என்பது அவர் உத்தரவு. பெட்டி தயாரானதும் ஜீப்பில் ஏற்றிப் பார்த்தார்கள்.

கவுண்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தோமினிக்கு, பெட்டிய ஏத்திப்போட்டா நாங்க எங்கீங்க உக்கார்றது?” என்று கேட்டாராம்.

“நீங்க சொன்ன அளவுதாங்க.”

“நாஞ் சொன்னது பன்னிக்குங்க. சுடறவனுக்கும் எடம் வேணுமில்லீங்களா?”

அதில் பாதியளவில் இன்னொன்று செய்யச் சொல்லிவிட்டு அவர் இதை அங்கேயே விட்டுவிட்டார். அப்பாவுக்கு அது வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது. தெருவுக்கெல்லாம் மீன் வரும். பெட்டியைத் தூக்க ஒரு ஆள் கூடப் போகத்தான் வேண்டும். சவரிராயனுக்கும் வியாழக்கிழமை பட்டறையில் லீவு சொல்லியாயிற்று. தெருவே சேர்ந்து கேட்கும்போது, அதுவும் தவக்காலத்தில், அத்தையால் மறுக்க முடியவில்லை. ஆனால் அவளிடமிருந்து அன்று பறிபோகவிருந்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் பேச்சைக் காதில் வாங்குகிறவளுக்கு அந்த ஒரு நாள்தான் யாரும் பேசாத நாள்.

அன்று நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒத்துப் போகிறது.

வழக்கமாக வாங்குவதைப் போல மூன்று மடங்கு ஐஸ் வாங்கியும் பெட்டியின் கால்வாசிதான் நிறைந்தது. அதற்கு மேல் போட்டால் இரண்டு பேரால் தூக்க முடியாது. மீதி இடத்தை நிறைக்க அவ்வளவு சாக்குக்கு எங்கே போவது? பஸ்ஸுக்குள் பெட்டியை விடமாட்டேன் என்று கண்டக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் அது கூரைக்குப் போயிற்று. மாசி மாத வெயிலில் கூரைத் தகடு அடுப்பு மாதிரி காய்ந்தது. மேச்சேரியில் ஒருவர் இரண்டு செம்மறி ஆடுகளைக் கூரையில் ஏற்றினார். பெட்டியைச் சுற்றிப் போட்டிருந்த ஈரச் சாக்கை அவை மென்று தின்றுகொண்டே மேட்டூர் வந்து சேர்ந்தன.

அணைக்குக் கீழே, அத்தை உட்காரும் பாறைக்குச் செங்குத்தான சரிவில் இறங்கிப் போக வேண்டும். பெரிய பெட்டியை அங்கே இறக்க வழியில்லை. மேலே டீக்கடை ஓரத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு மீன் மாட்டும்போதும் சவரிராயன் அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு இறங்கினார். ஐஸ் எப்படி இருக்கிறது என்று பார்க்க நடுவில் வேறு திறந்தார். தாகத்துக்குச் சோடா பாட்டில் இரண்டை அதற்குள் வைத்தார். டீக்கடைக்காரரும் தன்னுடைய பாட்டில்களை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க, அவர் சரி என்றிருக்கிறார்.

கீழே இருக்கும் நேரத்தில் சவரிராயன் பேசினார். பட்டறைக் கதை, பாட்டுக் கூட்டத்தில் யாருக்குச் சுருதி சேராது என்ற கதை, இறந்துபோன மனைவி வைக்கும் புளிக்குழம்பு.

“மீனு தூங்குமாங்க?” என்று கேட்டார் ஒரு தடவை.

“தெரியாது. பேசினா முழிச்சிக்கும்” என்றாள் அத்தை.

அவர் தண்ணீரை எட்டிப் பார்த்தார். பிறகு, “என் சத்தம் தண்ணிக்குள்ள கேக்குமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

மத்தியானம் தாண்டியும் தெருவுக்கு வேண்டிய மீனில் பாதிகூடக் கிடைக்கவில்லை. பரிசலில் வலை போடும் மாதையன் கரைக்கு வந்தபோது அத்தை அவரிடம் மீன் கேட்டாள். அவருக்கு ஆச்சரியம்.

“நீ எங்கிட்ட மீனு கேக்கறயா, சாமி? நீயே எனக்குக் குடுத்துட்டுப் போறவ ஆச்சே.”

“பெட்டி பெருசா இருக்குதுங்க. நிறைக்கணும்.”

“பொட்டி கேக்குதுன்னு மீனு புடிப்பாங்களா?” என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டார். அவர் வலை மீன் காலையிலிருந்து பரிசலில் கிடந்தது. அத்தைக்கு அது தெரிந்துதான் இருந்தது.

திரும்பும்போதும் கூரைதான். பெட்டியின் தக்கை எங்கேயோ தெறித்துவிட்டது. ஓமலூர் தாண்டியதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளை வேட்டிக்காரரின் தோளில் சொட்டுச் சொட்டாக மீன் தண்ணீர் விழுந்தது. அவர் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, முகர்ந்துவிட்டு, “மழைன்னு நெனச்சேன்” என்றார். பஸ்ஸே சிரித்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் சவரிராயன் அதைக் கேட்டார்.

“மேரியம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? தனியா வர்றதுதான் உங்களுக்கு இதுல முக்கியமா?”

“ஆமாங்க.”

“மீனு இல்ல?”

“மீனும்தான். ஆனா அது அப்புறம்.”

“அதை நான் வரும்போதே சொல்லியிருந்தீங்கன்னா டீக்கடையிலயே உக்காந்திருப்பேனே” என்றார் அவர். அதற்குப் பிறகு சேலம் வரும்வரை வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காகவே அவரை எப்போதும் பிடிக்கும் என்று அத்தை பின்னால் என்னிடம் சொன்னாள்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் ஒரு துண்டுகூட இல்லை. மீன்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடந்தன. ஒரு சோடா பாட்டில் நடுவில் மிதந்தது. தொட்டால் மீனின் சதை குழிந்தது. சாமியார் பங்களா சமையல்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். தெருவில் அந்த வெள்ளிக்கிழமை பருப்பு ரசம்தான், அதுவும் முனகிக்கொண்டே.

அப்பா விடவில்லை. “ஐஸ் பத்தலை, அவ்வளவுதான். அடுத்த வாரம் நிறையப் போட்டுக்கலாம்.”

“நிறையப் போட்டா மூணு பேர் வேணும் அண்ணா.”

“நானும் வர்றேன்.”

“அப்புறம் அண்ணி, பிள்ளைங்க, சாமியாரு, பாட்டுக் கூட்டம் எல்லாரும் வாங்க. பெட்டிதான் இருக்கே.” அத்தை குரலை உயர்த்தாமலே சொன்னாள். “அது ஜீப்பில போற பெட்டி. நான் பஸ்ஸில போறவ. நான் தூக்குற அளவுதான் என் பெட்டி. தெரு சாப்பிடுற அளவில்லை.”

அப்பா கோபத்தோடு சவரிராயனைப் பார்த்தார். அவர் தனக்குச் சாதகமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்திருக்க வேண்டும். சவரிராயன் தலையைச் சொறிந்தபடி, “தோமினிக்கு, அவங்க சொல்றது சரிதான். எனக்கு முதுகு வலிக்குது” என்றார். முதுகு வலி பொய் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பா நெடுநாள் எதிர்பார்த்திருந்த கல்யாணப் பேச்சு அந்தப் பொய்யோடு முடிந்துபோயிற்று. சவரிராயன் அதன் பிறகும் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். அத்தையிடம் “மீனு மாட்டுச்சுங்களா?” என்பதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை.

பழைய பெட்டியை எடுக்கப் போனால் அதில் கோழி உட்கார்ந்திருந்தது. பெரிய பெட்டி வந்துவிட்டதே என்று அம்மா சின்னதை அடை வைக்க எடுத்துக்கொண்டுவிட்டாள். அத்தை உள்ளே கையை விட்டாள், கோழி கொத்தியது.

“குஞ்சு பொரிக்கிற வரைக்கும் எழுப்பக் கூடாது. பாவம்” என்றாள் அம்மா.

“பெட்டி இல்லாம நான் எப்படிப் போறது அண்ணி?”

“மீனுக்குத்தான பெட்டி? மீனு அப்புறம்னு சொன்னயாம். சவரிராயன் சொன்னாரு.”

அத்தை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பெட்டியில்லாமலே போனாள். குஞ்சுகள் வரும்வரை ஒவ்வொரு வியாழனும் வெறுங்கையோடு திரும்பினாள். பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டாளா, மாதையனுக்குக் கொடுத்தாளா என்று யாரும் கேட்கவில்லை. தவக்காலம் முழுவதும் தெரு அவளோடு அரைகுறையாகத்தான் பேசியது. ஈஸ்டருக்குப் பிறகு மறந்துபோனார்கள். பெட்டி திரும்பக் கிடைத்தபோது அதில் கோழிப் பேன் இருந்தது. கந்தப்பனிடம் போய்ப் புதிதாகச் செய்துகொண்டாள், முன்னதைவிடக் கொஞ்சம் சிறியதாக. மறுபடியும் தெருவே பார்க்க வாளியோடு நடந்திருக்கிறாள். “வயசு ஏறுதே” என்றாள்.

கவுண்டரின் பெட்டி எங்கள் வீட்டில் நெல் கொட்டி வைக்கும் பெட்டியாயிற்று. இன்றும் இருக்கிறது. நகர்த்த நான்கு பேர் வேண்டும் என்பதால் வெள்ளையடிக்கும்போதுகூட அதை யாரும் நகர்த்துவதில்லை.

சில வருஷத்தில் நான் நர்ஸ் வேலை கற்றுக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினேன். பினாங்கு, சிங்கப்பூர், பிறகு ஏடன் என்று ஓரிடத்தில் நிற்காமல் சுற்றினேன். முதல் தடவை கிளம்பும்போது என் டிரங்குப் பெட்டியைக் கப்பல் ஏணியில் ஏற்ற இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர்கள் வரும்வரை கீழேயே நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஏறிப் போனார்கள். ஒவ்வொரு ஊரிலும் எதையாவது விட்டுவிட்டு வந்தேன். பத்து வருஷம் கழித்துத் திரும்பியபோது என்னிடம் இருந்தது ஒரு பை. அதோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து அத்தை, “நீயே தூக்கிட்டு வந்தியா?” என்று மட்டும் கேட்டாள். எங்கேயெல்லாம் போனாய், ஏன் திரும்பினாய் என்று வீட்டில் மற்ற எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அத்தையின் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிந்தது.

அதற்குள் வெள்ளிக்கிழமைக் கட்டுப்பாடு தளர்ந்திருந்தது. தெருவில் யாருக்கும் வியாழக்கிழமை மீன் அவசரமில்லை. அத்தை போவது நிற்கவில்லை. ஐம்பதைத் தாண்டியிருந்தாள். பெட்டி இன்னொரு தடவை சிறுத்திருந்தது. சவரிராயன் எங்கே என்று கேட்டேன். மைசூர் ராஜ்ஜியத்தில் பத்ராவதி இரும்பு ஆலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார், தகவல் ஒன்றும் இல்லை என்றார் அப்பா. சொல்லிவிட்டு நெல் பெட்டியைப் பார்த்தார்.

தகவல் போன மாதம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜானகியம்மாள் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசினாள்.

“மேரி, நேத்து எக்ஸ்சேஞ்சுல எனக்குப் பத்ராவதியிலிருந்து ஒரு டிரங்க் கால் வந்துச்சு. உன்னைக் கேட்டார் ஒருத்தர். இன்னைக்கு வியாழக்கிழமை, அவ மேட்டூர் போயிருக்காளேன்னேன். தனியாவான்னு கேட்டார். தனியாத்தான்னு சொன்னேன். அதைத் தெரிஞ்சுக்கத்தாங்க வியாழக்கிழமையாப் பார்த்துப் போட்டேன்னார். யாரு என்னன்னு நான் கேக்கறதுக்குள்ள அவரே சொன்னார்: ‘சவரிராயன்னு சொல்லுங்க. இங்கயும் ஒரு ஆறு இருக்குது. நானும் ஒரு பெட்டி செஞ்சிருக்கேன். வாளியில தண்ணி ஊத்தி, வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் நடந்து பார்த்துட்டுத்தான் செஞ்சேன். ரெண்டு கெண்டைதான் கொள்ளும். கரையில நான் யாரோடயும் பேசறதில்லைன்னு சொல்லுங்க.’”